நர்ஸ் சஸ்பெண்ட், சரி. அந்த வார்டில் என்ன மாறியது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 31 வருஷம் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். காலையில் காபியோடு உங்கள் பத்திரிகையை வரி விளம்பரம் வரைக்கும் விடாமல் படிப்பேன். ஒரு செய்தியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு செய்தி என்று சொல்வதுகூடத் தப்பு, ஒரே செய்திதான் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஊசி மாற்றிப் போட்டதில் நோயாளி பலி, நர்ஸ் சஸ்பெண்ட். உறவினர்கள் முற்றுகை, போலீஸ் பேச்சுவார்த்தை, விசாரணைக்கு உத்தரவு, அவ்வளவுதான். அந்த விசாரணையில் என்ன தெரிந்தது, அந்த வார்டின் மருந்து அலமாரியில் என்ன மாற்றினார்கள் என்று நானும் அடுத்தடுத்த நாட்களில் தேடிப் பார்ப்பேன். ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

பறிகொடுத்த வீட்டுக்காரர்கள் கோபப்படுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. என் வீட்டில் நடந்திருந்தால் நானும் ரோட்டில்தான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் அந்தச் செய்தியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அதில் வர வேண்டிய பெயர்களில் என்னுடையதும் ஒன்று. இதுவரை வெளியே யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

1999 நவம்பர். அடை மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. மெடிக்கல் வார்டில் நைட் டூட்டி. 40 கட்டில், கீழே பாய் விரித்துப் படுத்திருந்தவர்களையும் சேர்த்தால் 60க்குப் பக்கம். நானும் ஒரு மாணவியும்தான். விடிகாலை நாலு மணி மருந்துக்குக் கிளம்பினேன். ஒரு பெரியவருக்கு செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும். பாட்டிலில் தூளாக இருக்கும், டிஸ்டில்ட் வாட்டர் விட்டுக் கலக்கிப் போட வேண்டும். ட்ரேயில் கையை விட்டு ஒரு ஆம்ப்யூலை, அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பியை, எடுத்து, பஞ்சு வைத்துக் கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் இழுத்துவிட்டேன். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "சிஸ்டரம்மா, நேத்து வேற டப்பாவுல இருந்துல்ல எடுத்தீங்க?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். "எல்லாம் எங்களுக்குத் தெரியும், நீங்க சும்மா இருங்கம்மா" என்று சொன்னேன், சொல்லிக்கொண்டே உடைந்த ஆம்ப்யூலைத் திருப்பி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடு.

படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், இது கெட்ட மருந்து கிடையாது, உடம்பில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு உயிரே இதுதான். ஆனால் ட்ரிப்பில் கலந்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் போக வேண்டியது. அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பார்க்க டிஸ்டில்ட் வாட்டர் மாதிரியே நிறமில்லாத தண்ணீர், அதே 10 மில்லி, அதே கண்ணாடி, எறும்பு ஊர்வது போல எழுத்து. இரண்டும் ஒரே ட்ரேயில் கிடந்தன, யாரோ அவசரத்தில் மாற்றிப் போட்டிருக்க வேண்டும், அந்த யாரோ நானாகவும் இருக்கலாம்.

சிரிஞ்சோடு போய் வாஷ்பேசினில் ஊற்றினேன். டிஸ்டில்ட் வாட்டர் எடுத்துச் சரியான மருந்தைப் புதிதாகக் கலக்கிக்கொண்டு வந்து போட்டேன். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நன்றிகூட. மேட்ரனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் என்ன வரும் என்று எங்கள் சர்வீஸில் எல்லாருக்கும் தெரியும்: முதலில் மெமோ, அப்புறம் 17-பி என்ற ஒழுங்கு நடவடிக்கை, இன்கிரிமென்ட் கட், பிரமோஷன் பட்டியல் வரும்போது பெயர் இருக்காது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, நாமாக ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று இருந்துவிட்டேன். ஆனால் அன்று காலை டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், பொட்டாசியம் ஆம்ப்யூல்களை எல்லாம் பொறுக்கி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, மேலே பிளாஸ்டர் ஒட்டி, சிவப்பு மையில் கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடின் சுருக்கம்) என்று பெரிதாக எழுதி, அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். ஒன்றரை வருஷத்தில் டிரான்ஸ்ஃபர் வந்தது. டப்பா என்ன ஆயிற்றோ தெரியாது. பக்கத்து வார்டில் அப்போதும் இரண்டும் ஒரே ட்ரேயில்தான் கிடந்தன. நான்தான் வாயே திறக்கவில்லையே, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஓய்வு பெற்றபின் என் அண்ணன் மகள், நர்சிங்கில் மேல்படிப்பு படிப்பவள், தன் பாடத்துக்காக வைத்திருந்த கட்டுரைகளைக் கொடுத்தாள். அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். அதில் ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு 1998 பிப்ரவரியில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வெளியிட்டிருக்கிறது. அந்த வரிசையில் அவர்கள் வெளியிட்ட முதல் கடிதமே பொட்டாசியம் குளோரைடு பற்றித்தான். இந்த மருந்தால் நேர்ந்த பத்து மரணங்களை எடுத்து அலசியிருக்கிறார்கள். அதில் எட்டு, எதிலும் கலக்காத அடர்மருந்தை நேராக நரம்பில் ஏற்றியதால். அந்த எட்டில் ஆறு, வேறு ஏதோ மருந்து என்று நினைத்து எடுத்தது. பாட்டிலும் லேபிளும் ஒன்று போல இருந்ததுதான் முக்கியக் காரணம். நான் அந்த ஆம்ப்யூலை உடைத்த ராத்திரிக்கு ஒன்றே முக்கால் வருஷம் முன்பு! அவர்கள் சொன்ன பரிகாரம் ரொம்பச் சின்னது. அடர்மருந்தை வார்டில் வைக்காதே, ஃபார்மஸியில் வைத்துக் கலந்து அனுப்பு. மேல் தட்டில்கூட வேண்டாம், வார்டிலேயே வேண்டாம். 2007இல் உலக சுகாதார நிறுவனமும் இதையே உலகத்துக்கெல்லாம் சொன்னது.

அந்த ஆட்கள் எந்த நர்ஸ் என்று கேட்கவில்லை பாருங்கள், எந்த அலமாரி என்று கேட்டார்கள். இதற்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சிப் பரம்பரையே இருக்கிறது. நம் ஊரில் மருத்துவ ஆராய்ச்சி என்றால் புது மருந்து, தடுப்பூசி, கேன்சருக்குத் தீர்வு என்றுதான் பேசுகிறோம். இருக்கிற மருந்தை, இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு நோயாளிக்குக் கெடுதல் வராமல் பார்ப்பது எப்படி என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர்களும் உண்டு, அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தவர் ஜேம்ஸ் ரீசன். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். 1970களில் ஒரு நாள் வீட்டில் டீ போட நிற்கிறார், பக்கத்தில் பூனை பசியில் கத்துகிறது, மனுஷன் பூனைச் சாப்பாட்டை ஒரு கரண்டி எடுத்து டீப்பாத்திரத்தில் போட்டுவிட்டார். நாமாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு கழுவி ஊற்றியிருப்போம். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். தெரியாதவன் செய்யும் தப்பு வேறு, நன்றாகத் தெரிந்தவனின் கை பழக்கத்தில் தடம் மாறிப் போவது வேறு என்று அங்கிருந்து ஆரம்பித்து, விமானம், அணு உலை, ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் தப்பு எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தார். ஓட்டை ஓட்டையாக இருக்கும் பாலாடைக்கட்டித் துண்டுகளை அடுக்கி வைத்தது போல என்று அவர் சொன்ன உதாரணம் மருத்துவப் படிப்பில் இன்றைக்கும் ஓடுகிறது. எனக்கு அந்தக் கட்டியைப் பார்த்துப் பழக்கமில்லை. எங்கள் பழைய ஓட்டு வீட்டை நினைத்துக்கொண்டேன். மேல் ஓடு ஒன்று நகர்ந்தால் ஒழுகாது, அதற்கு அடியில் இருக்கும் ஓடும் அதே இடத்தில் விரிசல் விட்டிருக்க வேண்டும், கீழே பலகையும் உளுத்திருக்க வேண்டும், அப்போதுதான் சொட்டு பாயில் விழும். அன்று ராத்திரி எனக்கு ஆள் பற்றாக்குறை ஒரு ஓடு, கரண்ட் ஒரு ஓடு, லேபிள் ஒரு ஓடு. கடைசிப் பலகையாக இருந்தது அந்த அம்மாவின் கேள்வி.

அப்புறம் ஜெஃப்ரி கூப்பர். இவர் டாக்டரே கிடையாது, எஞ்சினியர். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மயக்க மருந்துக் கருவிகளோடு வேலை பார்த்தவர். போர் விமானிகளிடம் விபத்துகளைப் பற்றி விசாரிக்கப் பயன்பட்ட ஒரு முறையை எடுத்துக்கொண்டு, மயக்க மருந்து கொடுப்பவர்களிடம் போய் உட்கார்ந்து, தப்பு நடந்த, நடக்கவிருந்த சம்பவங்களைச் சொல்லுங்கள் என்று கேட்டார். 47 நேர்காணல், 359 சம்பவங்கள். 1978இல் வெளியிட்டார். அதில் 82 சதவீதம் மனிதத் தவறு, கருவி பழுதானது 14 சதவீதம்தான். இதை வைத்துக்கொண்டு 82 சதவீதம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம், செய்யவில்லை. எந்த இடத்தில் கை தடம் மாறுகிறது என்று பார்த்தார்கள்: மூச்சுக்குழாய் கழன்று போய் யாரும் கவனிக்காமல் இருப்பது, வாயு வரும் திருகு தெரியாமல் திரும்பிவிடுவது, சிரிஞ்சு மாறிப்போவது. குழாய் கழன்றால் அலாரம் அடிக்கிற மாதிரி செய்தார்கள், ஆக்சிஜன் திருகை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே தெரிகிற மாதிரி வரிவரியாக வைத்தார்கள். 1985இல் மயக்க மருந்துப் பாதுகாப்புக்கென்றே தனி அமைப்பு வந்தது, ஆபரேஷன் நேரத்தில் எதையெல்லாம் விடாமல் கண்காணிக்க வேண்டும் என்று ஹார்வர்டு மருத்துவமனைகள் எழுதிய விதி 1986இல் வெளிவந்தது.

நான் ஆபரேஷன் தியேட்டரில் நாலு வருஷம் இருந்திருக்கிறேன். மயக்க மருந்து கொடுக்கும் எங்கள் பழைய பாயில்ஸ் மெஷினில், நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு இருக்கும் நீலச் சிலிண்டரை ஆக்சிஜன் இடத்தில் மாட்டவே முடியாது, முள்ளும் துளையும் பொருந்தாது. எவ்வளவு அவசரமானாலும், எவ்வளவு தூக்கக் கலக்கமானாலும், சேர்ந்து இரண்டே நாள் ஆன ஆளாக இருந்தாலும் மாட்ட முடியாது. பைப்லைனிலேயே மாற்றி இணைத்துவிட்டால் அது வேறு கதை, அதற்கு வேறு சோதனை வேண்டும். ஆனால் சிலிண்டருக்கு ஒரு முள்ளும் துளையும் செய்த வேலையை நூறு மெமோ செய்திருக்காது.

இனி ஒரு தாயின் கேள்வி. 2001இல் அமெரிக்காவில் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 18 மாதக் குழந்தை ஒன்று, ஜோசி கிங் என்று பெயர், தீக்காயத்துக்குச் சேர்க்கப்பட்டு நன்றாகத் தேறி வந்தது. உடம்பில் நீர் வற்றிப்போனதைக் கவனிக்காமல் விட்டு, அப்புறம் கொடுக்கக் கூடாத மருந்தும் கொடுத்து, இறந்துபோனது. குழந்தை தாகத்தில் ஈரத்துணியைச் சப்புகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். உலகத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்று அது. பின்னாளில் அந்த அம்மா அங்கே வேலை பார்த்த பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற ஐசியூ டாக்டரிடம் கேட்டது இதுதான்: இன்றைக்கு ஜோசி வந்திருந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகமா? இதைச் செய்கிறோம், அதைச் செய்கிறோம் என்று அவர் அடுக்கப் போனால் அது அந்த அம்மாவுக்கு வேண்டாம். அதிகமா இல்லையா, அளந்து பார்த்தீர்களா? அவரால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை.

அதே டாக்டர்தான் ஐசியூவில் கழுத்து நரம்பில் போடுகிற சென்ட்ரல் லைன் என்ற குழாய் வழியாகக் கிருமி ஏறுவதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். அஞ்சே அஞ்சு வேலை: கையைக் கழுவு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுத் தோலைத் துடை, தலையிலிருந்து கால் வரை ஸ்டெரைல் துணி போர்த்து, தொடை இடுக்கில் போடுவதை முடிந்தவரை தவிர், தேவை முடிந்ததும் லைனை எடுத்துவிடு. நர்சிங் முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுக்கிற விஷயம். நர்ஸ்களை விட்டு ஒரு மாதம் கவனிக்கச் சொன்னால், மூன்றில் ஒரு நோயாளிக்கு மேல் டாக்டர்கள் ஏதாவது ஒன்றை விட்டிருக்கிறார்கள். ஏன் விட்டார்கள் என்று பார்த்தால், இதற்கான சாமான்களைச் சேகரிக்க எட்டு இடத்துக்கு ஓட வேண்டியிருந்ததாம்! எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்தார்கள். அப்புறம் இன்னொன்று செய்தார்கள், எனக்கு இங்கேதான் பெருமூச்சு வருகிறது: ஒரு படியை விட்டால் டாக்டரை நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்தார்கள், நிர்வாகம் நர்ஸ் பக்கம் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது சுவரோடு சுவராக நின்றவர்கள் நாங்கள். "சார், கை கழுவலையே" என்று சொல்லிவிட்டு மறுநாள் அதே வார்டில் டூட்டி பார்த்திருக்க முடியுமா?

மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் இதைச் செய்து பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். 1,000 லைன் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் லைன் இருந்தால் அது ஒரு லைன் நாள்) 7.7 ஆக இருந்த சராசரித் தொற்று ஒன்றரை வருஷத்தில் 1.4 ஆக இறங்கியது. இதில் எந்த மருந்துக் கம்பெனியின் புது மருந்தும் கிடையாது.

இதைப் படித்துவிட்டு, சரி, எல்லா வார்டிலும் ஒரு செக்லிஸ்ட் ஒட்டிவிட்டால் முடிந்தது என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஒட்டுவதில் நாம் கெட்டிக்காரர்கள், என் சர்வீஸில் சுவரில் பசை காய்ந்த இடம் கிடையாது. உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களை எடுத்து, அதில் பாதி இடங்களில் பிரசவத்துக்கு ஒரு செக்லிஸ்ட் கொடுத்து, எட்டு மாதம் கூடவே ஆள் வந்து பயிற்சியும் கொடுத்து, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களைப் பின்தொடர்ந்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2017இல் முடிவு வந்தது. பயிற்சி நடந்த இடங்களில் செய்ய வேண்டியவற்றில் 73 சதவீதம் வரை செய்தார்கள், மற்ற இடங்களில் 42தான். பயிற்சியாளர் வருவது நின்றதும் 62க்கு இறங்கியது. தாய் சேய் மரணமும் பெரிய பாதிப்புகளும் குறைந்ததா என்றால், குறையவே இல்லை, இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. பெரிய பெரிய ஆட்கள் நடத்திய ஆய்வு, பலிக்கவில்லை என்று அவர்களே பகிரங்கமாக எழுதினார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது அதனால்தான். ஏன் பலிக்கவில்லை என்பதற்கு என் அனுபவத்தில் ஒரு பதில் உண்டு, அது ஆராய்ச்சி முடிவு இல்லை, ஒரு நர்ஸின் அபிப்பிராயம்: கை கழுவு என்று எழுதினால் போதாது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். ரத்தப்போக்கு என்று கண்டுபிடித்தால் போதாது, ரத்தம் இருக்க வேண்டும், கூப்பிட்டால் டாக்டர் வர வேண்டும்.

வெளிநாட்டுக் கதை போதும், பக்கத்து மாநிலத்துக்கு வருகிறேன். கேரளாவில் 2004இலிருந்து மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு ஒரு வேலை செய்கிறது, அரசின் ஆணையோடுதான். பிரசவத்தில் இறந்த தாய்மார்களின் கேஸ் ஷீட்டை வாங்கி, நோயாளி பெயர், டாக்டர் பெயர், ஆஸ்பத்திரி பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மூத்த டாக்டர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். யார் மேலும் நடவடிக்கை கிடையாது. எங்கே தாமதமானது, எதைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று மட்டும் எடுத்து அறிக்கையாக வெளியிடுகிறார்கள், அதை வைத்தே பயிற்சியும் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் 1952இலிருந்து நடக்கும் முறையைப் பார்த்துச் செய்தது. தமிழ்நாட்டிலும் 1990களிலிருந்தே தாய் மரணத்தைத் தணிக்கை செய்கிறோம், அதனால் பலன் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். 2010-12இல் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 90 ஆக இருந்த தாய் மரணம் 2018-20இல் 54 ஆகியிருக்கிறது, நாட்டின் சராசரி அப்போது 97. கேரளா 19. அதற்குப் பல காரணம் இருக்கும், இந்த ஒன்று மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான் போன ஆடிட் கூட்டத்தில் பார்த்தது இது: 24 வயசுப் பெண், புதிதாகச் சேர்ந்த நர்ஸ், நெற்றி வியர்க்க எழுந்து நிற்கிறாள், நாற்பது பேர் முன்னால் கேள்வி மேல் கேள்வி. வெளியே வந்ததும் அவளுடைய சீனியர் சொன்னது, "அடுத்த தடவை நேரத்தை முதல்லயே சரியா எழுதி வச்சுடு." அதாவது நேரத்தைத் திருத்தி எழுது. பயமுறுத்தினால் கேஸ் ஷீட்தான் திருந்தும்.

மருந்தின் பக்க விளைவுக்கு மட்டும் நம் நாட்டிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது, 2010இலிருந்து. காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையம் பார்த்துக்கொள்கிறது. டாக்டர், நர்ஸ் மட்டும் இல்லை, நோயாளியே 1800 180 3024 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லலாம். அதன் படிவத்தில் கடைசியில் ஒரு வரி உண்டு, இதை நிரப்பிக் கொடுப்பதால் மருத்துவப் பணியாளரோ மருந்தோ காரணம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று. அந்த ஒரு வரியை 1999இல் எனக்கு யாராவது காட்டியிருந்தால் நான் எழுதிக் கொடுத்திருப்பேன். எழுதிக் கொடுத்திருந்தால் பக்கத்து வார்டு ட்ரேயும் மாறியிருக்கும். ஊசி மாறியதற்கும் மருந்து மாறியதற்கும், மாறவிருந்து தப்பியதற்கும் அப்படி ஒரு பயமில்லாத வழி அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டும். தரச் சான்றிதழ் வாங்கிய தனியார் மருத்துவமனைகளில் தப்பு நடந்தால் எழுதிக் கொடுக்க இன்சிடென்ட் ஃபார்ம் இருக்கிறது என்பார்கள். என்னோடு படித்தவள் ஒருத்தி அப்படி ஒரு இடத்தில் இருந்தாள், இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து மாதத்துக்கு நாலு என்று நிரப்பியதாகச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படியென்றால் யாரையும் தண்டிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். குடித்துவிட்டு டூட்டிக்கு வந்தவரை, காசு கொடுத்தால்தான் தொடுவேன் என்றவரை, கூப்பிட்டும் வராமல் சொந்த கிளினிக்கில் இருந்தவரை, கேஸ் ஷீட்டைத் திருத்தியவரை தாராளமாகத் தண்டியுங்கள், நானே சாட்சி சொல்ல வருகிறேன். நாலு மணிக்கு 60 பேருக்கு நடுவில் தண்ணீர் போல இருந்த மருந்தைத் தண்ணீர் என்று எடுத்தவளை சஸ்பெண்ட் செய்தால், மறுநாள் நாலு மணிக்கு அதே ட்ரேயில் கை விடப்போவது வேறு ஒருத்தி. அவளுக்கு முந்தினவளைவிட அனுபவம் குறைவாகத்தான் இருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த மாதிரிச் செய்தி போட்டால், மூன்று மாதம் கழித்து உங்கள் நிருபரை அதே ஆஸ்பத்திரிக்கு இன்னொரு முறை அனுப்புங்கள். யாரை சஸ்பெண்ட் செய்தீர்கள் என்று கேட்க வேண்டாம், அதுதான் முதல் நாளே போட்டுவிட்டோமே. அந்த மருந்து இப்போது எங்கே இருக்கிறது, ராத்திரி எத்தனை பேர் டூட்டி, இதே மாதிரி மறுபடி எத்தனை முறை நடக்கப் பார்த்தது, எண்ணிக்கை வைத்திருக்கிறீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால் பதில் வரவில்லை என்றே போடுங்கள், முதல் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். செப்டம்பர் 17ஆம் தேதி உலக நோயாளி பாதுகாப்பு தினம் என்று ஆரஞ்சு விளக்குப் போட்ட கட்டடங்களின் படம் வரும், அந்த இடத்துக்கு இதைப் போட்டாலும் நல்லது.

போன வருஷம் என் தங்கை வீட்டுக்காரரை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பேர் வேண்டாம், நல்ல இடம்தான். ராத்திரி நான்தான் துணைக்கு இருந்தேன். ஒரு சின்னப் பெண் மருந்து ட்ரேயோடு வந்தாள், பழக்க தோஷம், எட்டிப் பார்த்தேன். அப்புறம் மெதுவாக, நான் ரிட்டயர்டு ஸ்டாஃப் என்று சொல்லி, "ஏம்மா, கேசிஎல்லை எங்க வைக்கிறீங்க?" என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்த்து ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, என்னை நர்ஸிங் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் அலமாரியைத் திறந்து காட்டினாள். மேல் தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடி மேல் பிளாஸ்டர், சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் கேசிஎல். "நானா ஒட்டி வச்சது மேடம்," என்றாள், "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர், மதுரை.
(பெயர் வெளியிட வேண்டாம்.)